ஜனதா வாட்சை யாரிடம் கொடுப்பது?

தேனி, போடி, கம்பம் பக்கம் பல வீட்டு பீரோக்களில் இன்னும் ஒரு எச்.எம்.டி. ஜனதா கிடக்கிறது. அப்பாவுடையது, இல்லையென்றால் தாத்தாவுடையது. சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய வாட்ச் தயாரிப்பை மூட மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்தது. இனி அசல் உதிரிபாகம் பழைய இருப்பிலிருந்தோ, ஓடாத இன்னொரு வாட்சிலிருந்தோதான் வர வேண்டும். அதனால்தான் யார் கையில் கொடுக்கிறோம் என்பதில் எனக்கு இவ்வளவு கவலை.

மூடியைத் திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டு உடனே திருப்பித் தரும் கடை வேண்டவே வேண்டாம். பழைய எண்ணெய் பிசினாகித் தூசியோடு சேர்ந்து உலோகத்தை அரைத்துக்கொண்டிருக்கும். அதன்மேல் புது எண்ணெய் விட்டு என்ன பயன்? முழுக்கப் பிரித்துக் கழுவ வேண்டும். எண்ணெயிலும் வித்தியாசம் உண்டு: விடாமல் ஆடும் பேலன்ஸ் வீலின் முனைக்கு மெல்லியது, மெயின்ஸ்பிரிங் பக்கம் கெட்டியானது. ஜனதா நொடிக்கு 5 முறை, மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. படுக்க வைத்தால் ஒரு வேகம், நிமிர்த்தி வைத்தால் இன்னொரு வேகம். இரண்டையும் பார்த்துச் சரிசெய்ய நாள் பிடிக்கும், அவசரப்படுத்தாதீர்கள்.

ஏலத்தோட்டத்துக்கு மலையேறிய வாட்ச் என்றால் சாவித் தண்டில் துரு இருக்கிறதா என்று கேளுங்கள். ஈரம் உள்ளே போகும் வழி அது.

டயலைப் புதிதாக்கித் தருகிறேன் என்றால் நான் மறுத்துவிடுவேன். மங்கினாலும் அந்த எழுத்துகள் அப்படியே இருக்கட்டும். மாற்றிய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.