வள்ளூரிலிருந்து கல்லூரி வாயில் வரை

எண்ணூர்க் கழிமுகத்தைக் கடந்து வடக்கே சென்றால், மீஞ்சூருக்கு முன்பே வானளாவிய புகைபோக்கிகள் கண்ணில் படும். அதுவே வள்ளூர். 500 மெகாவாட் திறனுள்ள 3 அலகுகள் கொண்ட அனல்மின் நிலையமே இன்று இவ்வூரின் அடையாளம். ஊரார் வீடுகளுக்கு ஒளி தரும் இவ்வூரின் பிள்ளைகள், அரசுக் கல்லூரியில் பட்டம் பயில வெளியூர்தான் செல்ல வேண்டும்.

அத்திப்பட்டில் இரயிலேறி வடக்கே சென்றால் பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி. தெற்கே சென்றால் சென்னை பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி. 'பெண்பிள்ளை தனியாகப் போய்வருவதா?' என்று வீட்டில் கேள்வி எழுந்தால், அந்தச் சிறு தொலைவும் பெருந்தொலைவாகிவிடுகிறது.

பெற்றோரே! மறுக்குமுன் ஒருநாள் மகளுடன் அதே இரயிலில் சென்று வாருங்கள். மகளிர் பெட்டி, நிலையத்திலிருந்து கல்லூரிக்கு வழி, மாலையில் திரும்பும் நேரம் யாவற்றையும் நேரில் கண்டால் பாதி அச்சம் அகலும்.

தேர்வு முடிவுக்குக் காத்திராமல் சாதி, வருமானச் சான்றிதழ்களைப் பெற்று வையுங்கள். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007இல் வந்த 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடும் சாதிச் சான்றிதழின்றிக் கைக்கு எட்டாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்ற மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்க, 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் வகைசெய்தது. பயணச் செலவுக்கு அது பெருந்துணை.

எந்தப் பாடம் என்பதை மட்டும் மகளே சொல்லட்டும். மூன்றாண்டுகள் அந்த வகுப்பில் அமர்ந்து படிக்கப் போகிறவள் அவளல்லவா?