மிஷின் மோட்டார்: பாபநாசம் குறிப்புகள்

பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1944-இல். பைகாரா 1932, மேட்டூர் 1937, அடுத்தது இது. அதற்கும் வெகுகாலம் முன்பே, 1880களில், ஹார்வி சகோதரர்கள் இதே தாமிரபரணி விழுந்து இறங்கும் வேகத்தை நம்பி இங்கே நூற்பாலை வைத்தார்கள். அது மதுரா மில்ஸோடு சேர்ந்து, 1974-இல் மதுரா கோட்ஸ் ஆயிற்று. தையலுக்கு வேண்டிய நூலும் கரண்டும் ஒரே ஆற்றங்கரையில் பிறந்த ஊர் இது. இந்த ஊரில் ஒரு நல்ல தையல் மிஷின் கரண்டுக் கோளாறு என்று பெயர் வாங்கி மூலையில் கிடந்தால் மனசு கேட்பதில்லை.

*

மோட்டார் சுடுகிறது என்று புகார் வந்தால் முதல் வேலை பெல்ட்டைக் கழற்றுவது. பிறகு மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கமாகச் சுற்றினால் குற்றம் மோட்டார் மேல் இல்லை. எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும், அல்லது ஷட்டிலுக்குள் நூல் சிக்கியிருக்கும். அந்தப் பாரத்தை இழுத்து இழுத்துத்தான் மோட்டார் சுடுகிறது. மிஷினுக்கு எண்ணெய் விட்டு ஓடவிட்டாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

பெல்ட்டைத் திரும்ப மாட்டும்போது விறைப்பாக இழுத்துக் கட்டக் கூடாது. விரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும்.

*

பெரும்பாலான வீடுகளில் இருப்பது கால் மிஷின்தான். மோட்டார் பின்னால் சேர்த்தது. மோட்டார் போனாலும் மிஷின் போகவில்லை என்பதை வீட்டுக்காரர்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாததால் எத்தனையோ நல்ல மிஷின் பழைய இரும்பு விலைக்குப் போயிருக்கிறது.

*

“அண்ணாச்சி, மிதிச்சா ஓடுது சரி. காலை எடுத்தாலும் ஓடுதே?”

“முதல்ல பிளக்கைப் புடுங்கும்மா. மத்ததை அப்புறம் பேசுவோம்.”

கோளாறு மிதியில். பழைய மிதியைத் திறந்தால் பீங்கான் கூட்டுக்குள் கார்பன் வில்லைகள் அடுக்கியிருக்கும். மிதிக்க மிதிக்க வில்லைகள் நெருங்கும், தடை குறையும், வேகம் கூடும். காலை எடுத்ததும் காண்டாக்ட் பிரிய வேண்டும். அது கருகி ஒட்டிக்கொண்டாலோ, குறுக்கே போட்ட கெபாசிட்டர் ஷார்ட் ஆனாலோ மோட்டார் நிற்காது. காண்டாக்டைத் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். கெபாசிட்டரை மாற்றத்தான் வேண்டும். எக்ஸ்2 என்று அச்சிட்டு, 275 வோல்ட் ஏசி தாங்கும் என்று போட்டிருப்பதையே வாங்க வேண்டும். கையில் கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றுவது ஆபத்து.

மெதுவாகத் தைக்கும்போது மிதி லேசாகச் சுடுவது இயல்பு. பிளாஸ்டிக் வாடை வந்தால் இயல்பல்ல.

*

கார்பன் பிரஷ். மோட்டாரின் இரு பக்கமும் சின்ன மூடி இருக்கும். ஸ்குரூடிரைவரால் திருப்பும்போது ஒரு விரலை மேலே வைத்துக்கொள்ள வேண்டும், ஸ்பிரிங் தெறித்து ஓடிவிடும். பிரஷ்ஷை வெளியே எடுக்குமுன் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். அதன் முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். திருப்பிப் போட்டால் சரியாக உட்காராது, தீப்பொறி பறக்கும்.

கம்யூட்டேட்டர் மங்கிய பழுப்பாக, வழுவழுப்பாக இருந்தால் அதைத் தொட வேண்டாம். கறுத்துக் கரடுதட்டியிருந்தால் மிக நைசான உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கலாம். செப்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் கரித்தூள் அடைந்திருந்தால் பல் குத்தும் குச்சியால் எடுக்கலாம். அங்கே எண்ணெய் மட்டும் படவே கூடாது. நல்லது செய்கிறோம் என்று நினைத்து மோட்டாருக்குள் எண்ணெய் விடுகிறவர்கள் நிறைய.

*

இந்த மோட்டார் ஏசி, டிசி இரண்டிலும் ஓடும். ஃபீல்டு காயிலும் ஆர்மேச்சரும் ஒரே தொடராக இருப்பதால் மின்னோட்டம் திசை மாறும்போது இரண்டும் சேர்ந்தே மாறுகின்றன. சுழலும் திசை மாறுவதில்லை. ஊருக்கு ஊர் வேறு வேறு கரண்டு இருந்த காலத்தில் இதனால்தான் எங்கும் விற்றார்கள்.

ஆனால் வோல்டேஜ் வேறு விஷயம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த மிஷினில் 110 என்று தகடு இருக்கும். நம் 230-இல் நேரே செருகினால் காயில் கருகிவிடும். எந்த மிஷினானாலும் தகட்டைப் படித்த பிறகே பிளக்கைத் தொட வேண்டும்.

*

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரும் புகார்: “தொட்டா சுர்ருங்குது.”

மலையடிவார ஈரம் பழைய ரப்பர் வயருக்கு எமன். மேலே துணி சுற்றியிருப்பதால் வெளியே நன்றாகத் தெரியும். வளைத்தால் உள்ளே உதிரும். டேப் சுற்றி ஒப்பேற்றாமல் முழுநீளமும் மாற்றிவிட வேண்டும். இரண்டு பின் பிளக்கை எடுத்துவிட்டு மூன்று பின் போட்டு, மிஷினின் இரும்பு உடம்புக்கு எர்த் கொடுக்க வேண்டும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் ஷாக் நிற்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். கசிவு அங்கேயேதான் இருக்கிறது. ஈரச் சிமென்ட் தரை, வெறுங்கால், இரும்பு மிதி மூன்றும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

நனைந்த மோட்டாரைப் பக்கத்தில் 60 வாட் குண்டு பல்பு எரியவிட்டு நிதானமாக உலர்த்தலாம். அதன் பிறகு இன்சுலேஷன் பார்க்கும் 500 வோல்ட் மெக்கரில் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கரண்டு கொடுக்கக் கூடாது.

*

சீரிஸ் லேம்ப் வைத்திருக்காதவர் பழைய மோட்டாருக்கு நேரே கரண்டு கொடுக்க வேண்டாம். ஒரு ஹோல்டர், 100 வாட் குண்டு பல்பு, ஒரு சாக்கெட், மூன்றையும் தொடராக இணைத்தால் போதும். மிஷின் விளக்கை அணைத்துவிட்டு அந்தச் சாக்கெட்டில் செருக வேண்டும். மிதியைத் தொடாமலே பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் வயரிலோ மிதியிலோ ஷார்ட். மிதித்தும் எரியாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது: பிளக், வயர், மிதி, பிரஷ், கடைசியாகத்தான் காயில். இந்த வரிசையில் தேடினால் காயில் வரை போக வேண்டிய தேவை அபூர்வம். எடுத்த எடுப்பிலேயே “வைண்டிங் போச்சு” என்று சொல்லும் பழக்கம் ஒழிய வேண்டும்.

*

பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று சொல்லி உடுத்த துணியை ஆற்றில் விட்டுப் போகிறார்கள். ஆற்றுக்குள் இறங்கி அதை வாரி எடுக்கிறவர்கள் அள்ள அள்ளக் குறைவதில்லை. துணியானாலும் மிஷினானாலும் விட்டுவிட்டுப் போவது சுலபமாகிவிட்டது. கிழிந்ததைத் தைக்கவும் நின்றதை ஓட்டவும் தெரிந்த கை ஊருக்கு ஊர் இருக்க வேண்டும்.

*

பழுது பார்த்து முடித்ததும் ஒரு சீட்டில் எழுத வேண்டியவை: தேதி, வோல்டேஜ், போட்ட பிரஷ்ஷின் நீள அகலம், மாற்றிய கெபாசிட்டரின் மதிப்பு, வயர் மாற்றினோமா இல்லையா. அதை மேசை டிராயருக்குள் ஒட்டிவிட வேண்டும். அடுத்துத் திறக்கிறவர் நாமாக இருக்க வேண்டியதில்லை.