“மூணு கோட்டைத் தொட்டா ஒண்ணும் வரல தம்பி!”

டீச்சரிடமிருந்து இந்த மெசேஜ் வந்தபோது நான் ஆபீஸ் பஸ்ஸில் இருந்தேன். லேப்டாப்பை மடியில் விரித்துத் தளத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. ‘எனக்கு வருதே டீச்சர். நெட் ஸ்லோவா இருக்கும், கொஞ்சம் கழிச்சுப் பாருங்க’ என்று பதில் போட்டுவிட்டு மறந்துபோனேன்.

இரண்டு வாரம் கழித்து போனே வந்தது.

“340 புத்தகம் ஏத்தியிருந்தேன் தம்பி. இப்ப ஒண்ணுமே இல்ல.”

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வீட்டின் முன்னறையில் தெருப் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன நூலகம் வைத்திருக்கிறார். யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள், எப்போது தரவேண்டும் என்று குறித்துவைக்க, 2021 பிப்ரவரியில் நான் ஒரு குட்டி சாஃப்ட்வேர் எழுதி ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டிருந்தேன். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தமிழில் ஒரு உதவித் தளமும் வைத்தேன். டீச்சர் பழைய கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேரைத் திறந்து, பக்கத்தில் போனை நிறுத்தி, உதவிப் பக்கத்தைப் படித்துப் படித்து இரண்டு விரலால் தட்டுவார். தினமும் சாயங்காலம் அதுதான் அவருக்கு வேலை.

அன்று அவர் படித்தது, ‘அப்டேட் செய்வது எப்படி?’ என்ற பக்கம். அதில் நான் இரண்டு வழிகளைப் புள்ளி வைத்துத் தனித்தனியாக எழுதியிருந்தேன். ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்கள் ‘அப்டேட்’ பட்டனை அழுத்த வேண்டும். எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க விரும்புகிறவர்கள் ‘புதிதாகத் தொடங்கு’ பட்டனை அழுத்த வேண்டும். டீச்சர் முதலாவதை அழுத்தினார். முடிந்ததும் இரண்டாவதையும் அழுத்தினார். ‘நிச்சயமா?’ என்று கேட்டது. ‘ஆம்’ என்றார்.

“ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு எழுதியிருந்துச்சு தம்பி. முடிச்சுட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்றீங்கன்னு நினைச்சேன்.”

“புள்ளி வெச்சுப் பிரிச்சிருக்கேனே டீச்சர்?”

“புள்ளி எதுவும் இல்லையே!”

எனக்குச் சுருக்கென்றது. அம்மாவின் போனை வாங்கித் தளத்தைத் திறந்தேன். புள்ளி இல்லை. பட்டியல் வரிகள் உள்ளே தள்ளியும் இல்லை, சாதாரணப் பத்தி போல ஓரத்தோடு ஒட்டி நின்றன. மேலே மூன்று கோடு போட்ட மெனு பட்டன் இருந்தது. தொட்டேன், திறக்கவில்லை. அந்த மெனுவுக்குள்தான் ‘முதலில் பேக்கப் எடுங்கள்’ என்ற பக்கம் இருக்கிறது. லேப்டாப்பின் அகலத் திரையில் மெனு எப்போதும் பக்கவாட்டில் விரிந்தே நிற்கும், மூன்று கோடே வராது. அதனால் அது எனக்குத் தெரியவில்லை. சரி, புள்ளி? அது லேப்டாப்பிலும்தான் இல்லை. நான் எழுதிய பக்கத்தை நானே இரண்டு வருஷத்துக்கும் மேலாகப் படித்துப் பார்க்கவில்லை என்பதைத் தவிர, இதற்கு வேறு காரணம் கிடையாது.

அன்று இரவு உட்கார்ந்து தோண்டினேன். உதவித் தளத்தை உருவாக்கித் தருவது ஸ்பிங்க்ஸ் என்ற மென்பொருள். பைத்தான் மொழியின் கையேடுகளுக்காக முதலில் எழுதப்பட்டது. தளத்துக்கு முகம் தருவது தீம். நான் எடுத்துக்கொண்டது ‘ரீட் த டாக்ஸ்’ தீம், பதிப்பு 0.5.1. ஓடுகிற வண்டியை ஏன் நோண்ட வேண்டும் என்று, தேவைப் பட்டியல் ஃபைலில் அந்தப் பதிப்பை அப்படியே பூட்டிவைத்தேன். ஆனால் ஸ்பிங்க்ஸைப் பூட்டவில்லை. வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட கதை.

2023 ஜனவரியில் ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினேன். ‘நூலகதில்’ என்று இருந்ததை ‘நூலகத்தில்’ ஆக்கினேன், அவ்வளவுதான். தளம் தானாகத் திரும்ப உருவானது. அப்போது பூட்டாத ஸ்பிங்க்ஸ் 3-லிருந்து 6-க்குத் தாவிவிட்டது. 2022 டிசம்பர் கடைசியில் வந்த அந்த 6-ஆம் பதிப்பில், ஜேகுவெரி என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பைத் தங்கள் மூட்டையிலிருந்து இறக்கிவைத்துவிட்டார்கள். அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. என் பழைய தீமோ மெனுவைத் திறக்க அதைத்தான் நம்பியிருந்தது. வீட்டுக்காரரின் ஏணியை நம்பி மாடியில் துணி காயப்போட்டவன் கதி.

புள்ளி போன கதை இன்னும் சின்னது. ஸ்பிங்க்ஸுக்கு அடியில் டாக்யூட்டில்ஸ் என்று ஒன்று ஓடுகிறது. முன்பெல்லாம் அது பக்கத்தின் ஒவ்வொரு பகுதியையும் ஒரு பொதுவான பெட்டிக்குள் வைத்து, அதற்கு ‘செக்‌ஷன்’ என்று பெயர்ச்சீட்டு ஒட்டும். 0.17-ஆம் பதிப்பிலிருந்து சீட்டு இல்லை, பெட்டியே செக்‌ஷன் ஆகிவிட்டது. என் தீமோ எல்லாப் பட்டியலிலும் முதலில் புள்ளியை எடுத்துவிட்டு, சீட்டு ஒட்டிய பெட்டிக்குள் மட்டும் திரும்பப் போடும். சீட்டைக் காணோம், புள்ளியும் போடவில்லை.

யாரையும் குறை சொல்ல முடியாது. தீம் செய்தவர்கள் இரண்டையும் எப்போதோ சரிசெய்துவிட்டார்கள். 1.2 பதிப்பிலிருந்து தீம் தனக்கு வேண்டிய ஜேகுவெரியைத் தானே கூட்டிக்கொண்டு வருகிறது. நான்தான் 0.5.1-ஐ விட்டு நகரவில்லை.

ஃபைலில் பழைய எண்ணை அழித்துப் புதியதைப் போட்டேன். இந்த முறை ஸ்பிங்க்ஸுக்கும் சேர்த்து எந்தப் பதிப்பு வரை போகலாம் என்று எல்லை வைத்தேன். எழுத்துருவுக்காக நான் எழுதிய ஸ்டைல் வரிகளிலும் அந்தப் பழைய சீட்டுப் பெயரே இருந்தது, அதையும் மாற்றினேன். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். பிறகு அம்மாவின் போனில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன். “என் போன்ல அப்படி என்னதான்டா தேடற?” என்று அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார். கையோடு சாஃப்ட்வேரில் அந்தப் பட்டனின் பெயரை ‘எல்லாப் பதிவுகளையும் அழி’ என்று மாற்றினேன். முதலிலேயே அப்படி வைத்திருக்க வேண்டும்.

டீச்சருக்கு போன் செய்து, “தப்பு என்னோடதுதான். நீங்க அன்னிக்கே சொன்னீங்க, நான்தான் பார்க்கல” என்றேன்.

“விடு தம்பி. இப்ப மூணு கோடு திறக்குதா?”

“திறக்குது டீச்சர்.”

“இரு, நானே பார்க்கிறேன்” என்று வைத்துவிட்டார். நான் சொன்னதை நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அவர் போனில் புத்தகத்தின் பெயர், எழுதியவர், அலமாரி எண் என்று வாசிக்கிறார். நான் இங்கே தட்டுகிறேன். முடிந்ததும் ஃபைலாக அனுப்பினால் அவர் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வார். போன வாரம் 212-வது புத்தகம் வரை வந்தோம்.

“இரு தம்பி” என்று நிறுத்தினார். “இதுல கடைசிப் பக்கம் கிழிஞ்சிருக்கு. கடைசியா யாரு எடுத்துட்டுப் போனாங்கன்னு அதுலதான் இருந்துச்சு.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே அடுத்த புத்தகத்தின் பெயரை வாசித்தார்.