பக்கத்துல நிக்கிறவர்தான் முதல் தீயணைப்பாளர்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ ஒன்னு கையில வச்சுக்கிட்டுப் படிங்க.

நம்ம கோயில் தொண்டூழியர்களில் இப்போது தீப்பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு குழு இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். மொத்தம் 14 பேர். விசேஷ நாட்களில் கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு நிற்பார்கள். இந்தக் குழு ஆரம்பித்ததிலிருந்து என்னிடம் இரண்டு கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. ஒன்று, "கோயிலுக்கு எதுக்குண்ணே தீயணைப்புப் படை? 995 அடிச்சா வந்துட மாட்டாங்களா?" இரண்டாவது கேள்வியைச் சத்தமாகக் கேட்க மாட்டார்கள், காதோடு காதாகக் கேட்பார்கள். "14 பேர்ல அஞ்சு பேர் வொர்க் பெர்மிட் தம்பிங்களா இருக்காங்களே, நம்ம ஆளுங்க கிடைக்கலையா?"

இரண்டுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். நான் பெரிய படிப்பு படிச்சவன் இல்லை. செகண்டரி முடிச்சிட்டு ஃபேக்டரிக்குப் போனவன். ஆனா நெருப்பு விஷயம் கொஞ்சம் தெரியும்.

முதலில் நம்ம ஊர்ப் பழைய கதை. 1830-இல் பிலிப் ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் பெரிய தீ பிடித்தது. மூன்று நாள் எரிந்தது. அன்றைக்குச் சிங்கப்பூரில் ஒரு தீயணைப்பு வண்டிகூடக் கிடையாது. ஒழுங்கான தீயணைப்புப் படை என்று ஒன்று அமைந்ததே 1888-இல்தான். ஹில் ஸ்திரீட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிற நிலையம் 1909-இல் வந்தது. அதற்கு முன்னால் தீ பிடித்தால் யார் போனார்கள்? போலீஸ், சிப்பாய்கள், துறைமுகத்து மாலுமிகள், அவர்களோடு கைதிகள். அந்தக் கைதிகள் யார்? 1825-இலிருந்து இந்தியாவில் இருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியதும் அவர்கள்தான். சிங்கப்பூர் தீயணைப்பு வரலாற்றின் முதல் பக்கத்திலேயே நம்ம நாட்டிலிருந்து வந்த கூலி ஆட்கள் வாளியோடு நிற்கிறார்கள். பேர்தான் யாருக்கும் தெரியாது.

அடுத்து கம்பத்துக் காலம். அத்தாப்புக் கூரை, பலகைச் சுவர், வீட்டுக்கு வீடு கை நீட்டினால் தொடலாம். உள்ளே சந்துதான், தீயணைப்பு வண்டி நுழையாது. தண்ணீர்க் குழாயும் தூரத்தில் இருக்கும். 1950களில் அடுத்தடுத்து கம்பங்கள் எரிந்தபோது, சில கம்பங்களில் அங்கே குடியிருந்தவர்களே தொண்டர் தீயணைப்புக் குழு அமைத்தார்கள். இளைஞர்கள் முறை வைத்து ராத்திரியில் ரோந்து போனார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. "நம்ம வீட்டை நாமதான் பார்த்துக்கணும்" என்கிற ஒரே எண்ணம்தான்.

அவர்களால் எல்லாவற்றையும் தடுக்க முடிந்ததா என்றால், முடியவில்லை. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. புக்கிட் ஹோ சுவீயில் பிற்பகலில் பிடித்த தீ காற்றில் சாலையையே தாண்டிப் போனது. நான்கு பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 16,000 பேர் வீடு இழந்தார்கள். அதற்கப்புறம்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புளோக் வீடுகள் வேகமாக எழுந்தன. சரி, ரோந்து வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. அவ்வளவு வீடு எரிந்த இடத்தில் இத்தனை ஆயிரம் பேர் உயிரோடு வெளியே வந்தார்கள் என்றால், "ஓடு, கிழவியைத் தூக்கு, பிள்ளையை விடாதே" என்று அக்கம்பக்கத்தில் இருந்தவன் கத்தியிருப்பான். வேறு யார் கத்தியிருக்கப் போகிறார்கள்?

1982-இல் அரசாங்கம் தேசியக் குடிமைத் தற்காப்புத் திட்டத்தைத் தொடங்கி, வட்டாரவாசிகளைத் தொண்டூழியர்களாகச் சேர்த்துப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது. நாலே வருஷத்தில் நம்ம சிராங்கூன் ரோட்டிலேயே அதற்குச் சோதனை வந்தது. 1986 மார்ச் 15, சனிக்கிழமை காலை. ஓவன் ரோடு முனையில் ஆறு மாடி நியூ வோர்ல்ட் ஹோட்டல் ஒரு நிமிஷத்துக்குள் சரிந்து விழுந்தது. பெருமாள் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரம்தான். எங்கள் வீடு அப்போது தேக்கா பக்கம், எனக்கு 15 வயசு. தெருவெல்லாம் புழுதி, எங்கு பார்த்தாலும் கூட்டம். அம்மா பக்கத்து வீட்டு அக்காக்களோடு சேர்ந்து பெரிய பானையில் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டார்கள், நான் தூக்கிப் போனேன். எம்ஆர்டி சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த பிரிட்டன், அயர்லாந்து, ஜப்பான்காரப் பொறியாளர்கள் தாங்களாகவே வந்து இடிபாட்டுக்குள் துளை போட்டு ஊர்ந்து போனார்கள். 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். 33 பேர் போய்விட்டார்கள். சுரங்கம் தோண்டுகிறவனின் தொழில் அறிவு அன்றைக்கு உயிர் காத்தது. அவன் எந்த நாட்டுக்காரன், எத்தனை வருஷம் இங்கே இருப்பான் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது சமையற்கூடத்துக்கு வருகிறேன். கோவிட்டுக்கு முந்தி, ஒரு அன்னதானத்தில் நான் உதவிக்குப் போயிருந்தேன். எந்த இடம் என்று வேண்டாம். வடை போட்டுக்கொண்டிருந்த எண்ணெய்ச் சட்டி திடீரென்று குப்பென்று பற்றிக்கொண்டது. ஒரு பையன் பதறிப்போய் வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டான். அவனைத் தள்ளிவிட்டு, கேஸை மூடி, பெரிய இட்லிக் கொப்பரை மூடியை எடுத்துச் சட்டி மேல் கவிழ்த்தது ஒரு கட்டுமானத் தொழிலாளி. புதுக்கோட்டைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர், சும்மா உட்கார மனசில்லாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அரை நிமிஷத்தில் முடிந்தது. அவர் முழங்கையில் மட்டும் தீக்காயம்.

அந்தத் தண்ணீர் எண்ணெயில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? தண்ணீர் அடியில் போய், அந்தச் சூட்டில் உடனே ஆவியாகும். ஆவியானால் சுமார் 1,600 மடங்கு பெருகும். எரிகிற எண்ணெயை அப்படியே கூரைக்குத் தூக்கி எறியும். சுற்றி நின்றது ஏழெட்டுப் பெண்கள், எல்லாரும் சேலையில்.

"எப்படித் தம்பி தெரியும்?" என்று கேட்டேன். "சைட்ல வெல்டிங் நடக்கும்போது என்னைத்தாண்ணே தீக்காவலுக்கு நிக்க வைப்பாங்க. வேலை முடிஞ்சும் கொஞ்ச நேரம் பொறி பாக்கணும்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குத் தொண்டூழியர் பட்டியலில் முப்பது பேர். அவர் பெயர் அதில் இல்லை.

போன வருஷம் 2025 ஏப்ரல் 8, ரிவர் வேலி ரோடு சம்பவம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மூன்று மாடிக் கடைவீட்டில் தீ. பிள்ளைகள் மூன்றாவது மாடி ஜன்னல் விளிம்பில் புகைக்குள் நின்று அலறினார்கள். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள், நம்ம ஊர்த் தம்பிகள் உட்பட, சாரக்கட்டும் ஏணியும் தூக்கிக்கொண்டு ஓடி, ஏறி நின்று, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைமாற்றிக் கீழே இறக்கினார்கள். பத்து வயதுப் பெண்குழந்தை ஒன்று பிழைக்கவில்லை. அந்தக் குடும்பத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. பிறகு மனிதவள அமைச்சு அந்தத் தொழிலாளர்களைப் பாராட்டிக் கௌரவித்தது. சரியான செயல். ஆனால் கௌரவம் சம்பவத்துக்குப் பிறகு வருகிறது. சம்பவத்துக்கு முன்னால் நாம் அவர்களை எங்கே நிற்க வைத்திருந்தோம்?

அந்த மாதமே நம்ம கூட்டத்தில் நான் இதை எடுத்தேன். துவாஸ்ல எங்க ஃபேக்டரியில் அவசரகாலக் குழு உண்டு, செர்ட்னு சொல்வோம். தீப்பிடிக்கிற பொருள் ஓரளவுக்கு மேல் வைத்திருக்கிற இடங்களுக்கு அது கட்டாயம். அதில் வீரம் ஒன்றும் பெரிதில்லை. எந்த வால்வை யார் மூடுவது, யார் வாசலுக்குப் போவது, யார் தலை எண்ணுவது என்று முன்கூட்டியே எழுதி வைத்துப் பழகுவோம். அதே மாதிரி கோயிலுக்கும் ஒன்று வேண்டும் என்றேன்.

ஒரு பெரியவர், நான் மிகவும் மதிக்கிறவர், "கோயில்ல நெருப்பு சாமிப்பா. அதுக்குப் போய்க் காவலா?" என்றார். நான் சொன்னேன், "ஐயா, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தீமிதியில ரெண்டு பக்கமும் ஆளு நிக்கிறாங்களே, அது என்ன? தடுமாறினவங்களைப் பிடிச்சு இழுக்க ஆளு, முடிவுல பால்குழி. பூக்குழி இறங்குற பக்தருக்கு நம்பிக்கை இருக்கு. பக்கத்துல நிக்கிறவருக்குப் பொறுப்பு இருக்கு. ரெண்டும் சேர்ந்துதானே பெரியவங்க நடத்தி வச்சாங்க." அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அது நியாயம்" என்றார்.

ஆனால் தொழிலாளர் தம்பிகள் பெயரைச் சொன்னதும் மறுபடி சலசலப்பு. "ரெண்டு வருஷத்துல பெர்மிட் முடிஞ்சா ஊருக்குப் போயிடுவாங்க. பயிற்சி கொடுத்து என்ன பிரயோஜனம்?" எனக்குக் கோபம் வந்தது, பேசவில்லை. பூ கட்டுகிற பாட்டி ஒருத்தர் பின்னாலிருந்து சொன்னார்: "நெருப்பு என்ன உங்க பெர்மிட்டைப் பாத்துட்டா வரும்? வர்ற அன்னிக்கு யாரு நிக்கிறாங்கன்னு பாருங்கப்பா." அதோடு முடிந்தது பேச்சு.

இப்போது குழு என்ன செய்கிறது? ஒருவர் 995-ஐ அழைத்துவிட்டு வாசலில் நின்று வண்டியை உள்ளே அழைத்து வருவார். ஒருவருக்குக் கேஸ் வால்வு. இருவருக்குத் தீயணைப்பான். மற்றவர்கள் முதியவர்களையும் பிள்ளைகளையும் வெளியே கொண்டுவந்து எண்ண வேண்டும். விசேஷத்துக்கு முந்தைய நாளே வெளியேறும் வழியில் நாற்காலி, செருப்பு, பூ மூட்டை இல்லாமல் பார்க்கிறோம். பூட்டிய கதவு இருக்கவே கூடாது. பந்தல் போடும்போது தீயணைப்பு வண்டி வரும் வழியை விட்டுத்தான் போட வேண்டும். காகிதத் தோரணத்துக்கும் விளக்குக்கும் இடைவெளி. தரையில் கற்பூரத் தட்டு வைக்கிற இடத்தில் ஒருவர் நிற்க வேண்டும். இதெல்லாம் தம்பிகள் எங்களைவிட வேகமாகச் செய்கிறார்கள், அது அவர்களுடைய தினசரி வேலை.

995 அடித்தால் வருவார்கள்தான். பெரும்பாலும் எட்டு நிமிஷத்துக்குள் வந்துவிடுவார்கள், உலகத்திலேயே நல்ல சேவை. அந்த எட்டு நிமிஷம் யாருடையது என்பதுதான் என் முதல் கேள்விக்குப் பதில். குடிமைத் தற்காப்புப் படையே அதைத் தெரிந்துதான் 2015-இல் மை ரெஸ்பாண்டர் செயலியைக் கொண்டுவந்தது. 400 மீட்டருக்குள் யாருக்காவது மாரடைப்பு வந்து இதயம் நின்றால் உங்கள் கைப்பேசி கூப்பிடும். பிற்பாடு குப்பைத்தொட்டி எரிவது போன்ற சின்னத் தீக்கும் கூப்பிட ஆரம்பித்தது.

எல்லாரும் தெரிந்துகொள்ள நாலு விஷயம்:

எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அடுப்பை அணை, மூடு, மூடியைத் திறந்து பார்க்காதே.

தீயணைப்பானில் பின்னை இழு, தீயின் அடிப்பகுதியைக் குறி பார், அழுத்து, இடமும் வலமும் வீசு. சின்ன டப்பா சில வினாடியில் காலியாகிவிடும், அதனால் முதுகுக்குப் பின்னால் வெளியேறும் வழி இருக்கட்டும்.

தீ உன்னைவிடப் பெரிதானால் விட்டுவிடு. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வா.

புகையில் குனிந்து போ. உள்ளே விட்ட பொருளை எடுக்கத் திரும்பிப் போகாதே.

அந்தப் புதுக்கோட்டைத் தம்பி பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். பாட்டியிடம் கேள்வி கேட்டவர்கள் சொன்னது சரிதான், போய்விடுவார்கள். போகிறவர் தான் கற்றதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனால் போதும். நாங்களும் அப்படித்தான் வைத்திருக்கிறோம், ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர், தெரிந்தவர் ஒருவர், கற்றுக்கொள்பவர் ஒருவர்.

இன்னும் ஆறு பேர் தேவை. வயசு, வேலை, பெர்மிட் எதுவும் தடை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறவர்களும் வரலாம். பூசை முடிந்ததும் சமையற்கூடத்துப் பக்கம் வந்து என்னைக் கேளுங்கள். பழைய தீயணைப்பான் ஒன்று வைத்திருக்கிறேன், முதல் பாடம் அதில்தான்.

அம்மன் துணை.