யானைக்கவுனியில் ஒரு தராசு

சென்ட்ரல் நிலையத்தருகே தொடங்கும் வால்டாக்ஸ் சாலையில் வடக்கே நடந்தால் யானைக்கவுனியை அடையலாம். ஹைதர் அலியின் படைகளுக்கு அஞ்சிய கும்பினியார், பதினெட்டாம் நூற்றாண்டில் கருப்பர் நகரைச் சுற்றி மதில் எழுப்பினர். அதன் வாயில்களுள் ஒன்றே இக்கவுனி. மதிற்செலவுக்கென விதிக்க முனைந்த வரி வசூலாகவேயில்லை. பெயர் மட்டும் சாலைக்கு நிலைத்துவிட்டது. நம் முன்னோரிடம் காசு பறிப்பது எளிதாயிருக்கவில்லை போலும்!

நான் அத்தனை சாமர்த்தியசாலி அல்லன். மகளின் திருமணத்திற்காகத் தேக்சாவும் சஹன்களும் வாங்கச் சௌகார்பேட்டைப் பக்கம் சென்றிருந்தோம். அலுமினியத் தேக்சாவுக்கு எடைக்கே விலை. கடைக்காரர் அதைச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டிய பின்னரே தராசில் வைத்தார். சாக்கும் கயிறும் அலுமினிய விலைக்குப் போயின! நான் வாளாவிருந்தேன். என் மனைவியோ, "பிரித்து நிறுங்கள், பாய்" என்றார். முக்கால் கிலோ குறைந்தது. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் பில்லைத் திருத்தினார்.

வியாபாரத்தில் பயன்படும் மின்னணுத் தராசை எடையளவுத் துறையினர் ஆண்டுதோறும் சோதித்து முத்திரையிட வேண்டும். ஆனால் முத்திரை தராசுக்குத்தான், சாக்குக்கு அன்று. ஆகவே தாங்கள் செல்லும்போது வெறும் பாத்திரத்தையே நிறுக்கச் சொல்லுங்கள். பில்லில் எடையையும் எழுதி வாங்குங்கள். காலையிலேயே சென்றுவிடுவது நலம். பிற்பகலில் அச்சந்துகளில் கைவண்டிகளுக்கிடையே தேக்சாவைத் தூக்கி வருவது பெரும்பாடு.