பேட்டரியைக் குற்றம் சொல்லுமுன்

மோட்டார் சைக்கிளுக்கு மாற்று பேட்டரி தேர்வு செய்யும் வேலை, பழைய பேட்டரி உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்ப்பதில் தொடங்குகிறது. செல்ஃப் பட்டனை அழுத்தியதும் ரிலே 'டக் டக்' என்று அடித்தால், ஹார்ன் கம்மினால், பேட்டரியில் சார்ஜ் இல்லை என்று மட்டுமே பொருள். சார்ஜ் ஏன் இல்லை என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே பேட்டரி வேலையில் முக்கால் பங்கு. "கழற்றி மாட்ட ஒரு ஆள் வேண்டுமா?" என்று கேட்பவர்கள் பெருகியதும் பட்டறைகளே அந்த முக்கால் பங்கைக் கைவிட்டன. மீதிக் கால் பங்குதான் இன்று பேட்டரி மாற்றுவது என்ற பெயரில் நடக்கிறது.

முதல் சோதனை, எஞ்சின் நின்று சில மணி நேரம் ஆனபின் மீட்டரில் பார்ப்பது. 12.6 முதல் 12.8 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.0 என்றால் ஏறத்தாழ காலி. இந்த அளவை மட்டும் நம்பக் கூடாது. பிளேட்டில் சல்பேட் படிந்து இறுகிய பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டும், செல்ஃப் அடித்தவுடன் 8-க்குச் சரியும். நல்ல பேட்டரி ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் 10 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். ஆசிட் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும்: ஐந்து செல்லில் 1.26, ஒன்றில் மட்டும் 1.15 என்றால் அந்த செல் போய்விட்டது.

சோதனையில் தோற்ற பேட்டரியையும் உடனே தள்ளக் கூடாது. அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்டில், அதாவது 5 ஏ.ஹெச். பேட்டரிக்கு 0.5 ஆம்பியரில், பத்து மணி நேரத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றி, இரவு முழுதும் ஆறவிட்டு, மறுநாள் மீண்டும் பார்க்க வேண்டும். பழைய பட்டறைகளில் மரப்பலகை மேல் பேட்டரிகள் வரிசையாக நிற்கும். "நாளைக்கு வாங்க" என்பது அங்கே சோம்பலின் சொல்லாக இருந்ததில்லை. இப்போது அரை மணி நேரத்தில் பெரிய கரண்டை ஏற்றித் தருகிறார்கள். பேட்டரி சூடேறி, பிளேட் வளைந்து, மூடிய வகையாக இருந்தால் வால்வு வழியே வாயு வெளியேறி, பிழைத்திருக்க வேண்டியதும் சாகிறது.

பேட்டரி தேறினாலும் தேறாவிட்டாலும் அடுத்தது வண்டியின் சார்ஜிங். பேட்டரி வேலையின் தீராத தலைவலி இதுதான். எஞ்சினை 4,000, 5,000 சுற்றுக்கு உயர்த்தி, பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப் பார்த்து 14.2 வந்தது என்று பேட்டரியை மாற்றி அனுப்பிய வண்டி, மூன்று மாதத்தில் செத்த பேட்டரியோடு திரும்பி வரும். காரணம் பெரும்பாலும் ரெக்டிஃபையர். உள்ளே விரிசல் விழுந்த ரெக்டிஃபையர் குளிர்ந்த நிலையில் ஒழுங்காக வேலை செய்யும். அரை மணி நேரம் ஓடிச் சூடேறியதும் சார்ஜை நிறுத்திவிடும். பட்டறைக்கு வண்டி ஆறிப்போய் வருவதால் மீட்டர் பொய் சொல்வதுபோல் தோன்றும். மீட்டர் பொய் சொல்வதில்லை. கேட்ட நேரம் தவறு.

இதனால்தான் மூத்த எலக்ட்ரீஷியன்கள் பையன்களுக்கு முதலில் கற்றுத்தந்த பாடம், சூடேறாத வண்டியின் அளவை எழுதாதே என்பது. வண்டியை இருபது கிலோமீட்டர் ஓட்டச் சொல்லி, எஞ்சினை அணைக்காமலே முனையில் மீட்டரை வைப்பார்கள். பிறகு ரெக்டிஃபையரின் ப்ளக்கைக் கழற்றி முகர்ந்து பார்ப்பார்கள். மஞ்சள் ஒயர் நுழையும் இடம் பழுப்பேறிக் கருகிய வாடை அடித்தால் விடை அங்கேயே இருக்கிறது. மூன்று மஞ்சள் ஒயர் உள்ள வண்டியில் இரண்டிரண்டாக ஏ.சி. வோல்ட்டை அளப்பார்கள்: மூன்று அளவும் சமமாக இருக்க வேண்டும், எந்த ஒயருக்கும் பாடியோடு தொடர்பு இருக்கக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று தவறினால் எஞ்சினில் மின்சாரம் உண்டாக்கும் காயில் பிளேட் போய்விட்டது. எதிர்த் திசையிலும் பார்ப்பார்கள்: 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் அடக்கவில்லை, பேட்டரி உள்ளே காய்ந்து பக்கவாட்டில் உப்பும். உப்பிய பேட்டரியோடு வந்த வண்டிக்கு, இந்தச் சோதனை இல்லாமல் புதியதை மாட்டி அனுப்புவது தொழில் தர்மம் ஆகாது. இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி தர ஆளில்லை என்பதும் உண்மை.

மூன்றாவது சோதனை, சாவியை எடுத்தபின் நடக்கும் கசிவு. மைனஸ் முனையில் மீட்டரைத் தொடராக இணைத்தால் சில மில்லி ஆம்பியர் மட்டுமே காட்ட வேண்டும். வெளியில் வாங்கி மாட்டிய அலாரமோ ஜி.பி.எஸ். கருவியோ 50 மில்லி ஆம்பியர் இழுத்தால், நாளொன்றுக்கு 1.2 ஏ.ஹெச். போகும், 3 ஏ.ஹெச். பேட்டரி மூன்று நாள் தாங்காது.

இத்தனையும் சரியாக இருந்தும் பழையது தேறவில்லை என்றால்தான் புதியதைத் தேட வேண்டும். கொள்ளளவு வண்டியின் கையேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். 100 சி.சி. வண்டிகளுக்கு 3 ஏ.ஹெச். அளவு, பழைய பல்சர் 150-க்கு 9, செல்ஃப் வந்த முந்தைய கிளாசிக் 350-க்கு 14, இப்போதைய கிளாசிக்குக்கு 8. பெட்டியில் அடங்கினால் சற்றுக் கூடுதலான அளவு கெடுதல் செய்யாது. விலை குறைவு என்று சிறியதைப் போடுவதுதான் தவறு. கார்புரேட்டர் வண்டியைக் கிக்கர் உதைத்தோ தள்ளியோ கிளப்பிவிடலாம் என்பதால் இந்தத் தவறு முன்பு மறைந்திருந்தது. 2017 ஏப்ரலிலிருந்து புதிய வண்டிகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரிகிறது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபின் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பரவியது. பெட்ரோல் பம்பும் இ.சி.யூ.வும் பேட்டரியை நம்பி நிற்கின்றன, பல மாடல்களில் கிக்கரும் இல்லை. இனி மறைக்க வழியில்லை.

நீளம், அகலம், உயரத்தோடு ப்ளஸ் முனை இடமா வலமா என்பதையும் பார்க்க வேண்டும். முனை மாறிய பேட்டரியில் ஒயரை இழுத்து மாட்டினால் அது பாடியில் உரசித் தீப்பொறி வரும்.

வகையைப் பொறுத்தவரை, மூடிய மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரியே இன்று பொதுவானது. கடையில் அதை 'ட்ரை பேட்டரி' என்கிறார்கள். அதன் உள்ளே ஆசிட் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறி நிற்கிறது. உலர்ந்தது என்ற நினைப்பில்தான் எதுவும் செய்யலாம் என்று துணிகிறார்கள். ஆசிட் பேட்டரிக்காக வடிவமைத்த பழைய வண்டியில் இதை மாட்டுமுன் சார்ஜிங் 14.5-ஐத் தாண்டவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். இழந்த நீரை இதில் திரும்ப ஊற்ற முடியாது. லித்தியம் வகை எடை குறைவு, ஆனால் ரெகுலேட்டர் பிசகினால் மன்னிக்காது. அதற்கென உள்ள சார்ஜரும் தேவை.

கடையில் தயாரிப்பு மாதத்தைக் கேட்டு, மீட்டரை வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். நெடுநாள் அலமாரியில் இருந்து 12.4-க்குக் கீழே இறங்கியதைத் தொடக் கூடாது. ஆசிட் தனியாக வரும் பேட்டரி என்றால், ஊற்றியபின் அரை மணி நேரம் ஊறவிட்டு முதல் சார்ஜ் தர வேண்டும். ஊற்றியவுடன் அதில் இருப்பது சுமார் 80 சதவீதம்தான். அப்படியே மாட்டினால் மீதியை அது பெரும்பாலும் எட்டுவதே இல்லை.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது ப்ளஸ் முதலில். முனைகளில் பச்சை, வெள்ளைப் பூப்பைச் சுரண்டி, இறுக்கி, வாசலின் தடவ வேண்டும். எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டையும் கழற்றித் துரு நீக்க வேண்டும். பழையதைக் கடையிலேயே கொடுத்துவிட வேண்டும். ஈயமும் ஆசிட்டும் குப்பைக்குப் போகக் கூடாது, எடைக்கு விலையும் உண்டு. கடைசியாக, வண்டியை ஓட்டிச் சூடேற்றி, முனையில் மீண்டும் ஒருமுறை மீட்டர் வைத்து, அந்த அளவை பில்லின் பின்புறம் எழுதித் தர வேண்டும்.