எந்தக் கல்லூரி நமக்கானது?

கடந்த மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில், குன்றத்தூரில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். அம்மா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். அண்ணன் அதே ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி.

"காலேஜ் சீட்டு கிடைச்சிடுச்சும்மா. இன்ஜினியரிங். ஒரு ரூபா கட்ட வேணாம், எல்லாம் எஸ்.சி. ஸ்காலர்ஷிப்ல கழிஞ்சிடும்னு சொல்லிட்டாரு" என்றார் அம்மா.

"யாருக்கா சொன்னது?"

"வீட்டுக்கே வந்தாரும்மா, காலேஜ் ஆளு. சர்டிபிகேட் எல்லாம் வாங்கிக்கினு போயிட்டாரு."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாமே ஒரிஜினல். கவுன்சலிங்குக்கு அவள் இன்னும் பதிவுகூடச் செய்யவில்லை.

தோழர்களே, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கச் செலவு, பொருத்தம், பெயர் என்று மூன்றையும் எடைபோட்டுப் பார்க்கச் சொல்வார்கள். நம் தெருவில் அந்தத் தராசைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஒருவர் வந்து கவரோடு வாங்கிப் போய்விடுகிறார். இன்னொரு பக்கம் கம்பெனி வேன் காத்திருக்கிறது. பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளைகளை அசெம்பிளி லைனுக்கு எடுக்க, மாதச் சம்பளமும் ஹாஸ்டலும் தருகிறோம் என்று ஏஜென்சிகள் வருகின்றன. வீட்டில் கடன் இருக்கும்போது அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் இந்தக் கணக்கை நாம் சரியாகப் போட்டாக வேண்டும்.

என் கணக்கு எப்படித் தப்பியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2008இல் சென்னையில் பெயர் பெற்ற ஒரு கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. நாகல்கேணி தோல் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பாவுக்கு அந்தப் பெயரைச் சொல்வதிலேயே பெருமை. அந்த ஒரே பெயருக்குள் இரண்டு கல்லூரிகள் இருப்பது எங்களுக்குத் தெரியாது. ஒன்று அரசு உதவி பெறும் பிரிவு. இன்னொன்று சுயநிதிப் பிரிவு. இரண்டுக்கும் கேட் ஒன்று, கட்டணம் வேறு. எனக்குக் கிடைத்தது இரண்டாவது. தண்டல்காரரிடம் வாங்கித்தான் முதல் பருவக் கட்டணம் கட்டினோம். முதலாண்டு உதவித்தொகை இரண்டாமாண்டில் வந்து சேர்ந்தது. நடுவில் ஒருமுறை ஹால் டிக்கெட்டைப் பிடித்து வைத்தார்கள். ஒருநாள் வகுப்புக்கு நடுவே அலுவலக ஊழியர் வந்து, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். நாங்கள் ஐந்து பேர் எழுந்தோம். அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பெண் மறுநாள் வேறு பெஞ்சுக்குப் போனாள்.

அந்தக் கல்லூரி எனக்கு ஒன்றும் தரவில்லை என்று சொன்னால் அது பொய். நல்ல நூலகம் இருந்தது. ஆங்கிலத்தில் திக்கித் திக்கிப் பேசியபோதும் பொறுமையாகக் கேட்ட ஒரு பேராசிரியர் இருந்தார். அங்கேதான் அம்பேத்கரை முழுதாக வாசித்தேன். ஆனாலும் எம்.ஏ. சமூகவியலுக்கு இடம் தேடியபோது நான் பார்த்த விஷயம் வேறு. எங்கள் சேரியைப் பற்றியே ஆய்வேடு எழுதச் சம்மதிக்கும் ஓர் ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்தேன். அவ்வளவு பெயர் இல்லாத ஒரு துறையில் அப்படி ஒருவர் இருந்தார், அங்கே சேர்ந்தேன். இன்று நான் செய்யும் வேலைக்கு வழிகாட்டியது அந்த இரண்டாண்டுகள்தான்.

செலவு என்றதும் விளம்பரத்தில் போடும் கட்டணத்தை மட்டும் பார்க்கிறோம். அந்தப் பணத்தை யார் கட்டுவார்கள், எப்போது கட்டுவார்கள், அதுவரை கல்லூரி பொறுக்குமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2012இல் வந்த 92ஆம் எண் அரசாணை, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்றது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மேனேஜ்மெண்ட் கோட்டா சீட்டுக்கு அந்த உதவி கிடையாது. வீட்டுக்கு வருகிற ஏஜெண்ட் மறைப்பது இந்த ஒரு வரியைத்தான். இன்னொன்றும் உண்டு. 2021க்குப் பிறகு மத்திய அரசின் பங்கான 60 விழுக்காடு மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று ஜூன் மாதமே பார்த்துவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2021இல் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அதில் கவுன்சலிங் வழியாக இடம் பெற்றால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அதாவது அதே கல்லூரியின் அதே வகுப்பறையில், கவுன்சலிங்கில் வந்தால் பைசா செலவில்லாமல் உட்கார வேண்டிய பெண்ணை, மேனேஜ்மெண்ட் சீட்டில் உட்காரவைத்துக் கடனாளியாக்கப் பார்த்தார்கள்.

உதவித்தொகை தாமதமாவதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பாபாசாகேப் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போனார், அங்கிருந்து 1916இல் லண்டன் போனார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துச் சேர்த்த பணம், தெரிந்தவர்கள் செய்த உதவி இரண்டையும் வைத்து 1920இல் மறுபடி கப்பலேறினார். ரோகித் வெமுலா 2016 ஜனவரியில் இறந்தபோது அவருக்குப் பல மாத உதவித்தொகை பாக்கி இருந்தது.

அடுத்தது பெயர். குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியெல்லாம் '100% பிளேஸ்மெண்ட்' என்று பேனர் தொங்குகிறது. அதை விடுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் பருவத் தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. அதை எடுத்துப் பாருங்கள். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையையும் பாருங்கள். ஆனால் அதில் சமூக உள்ளடக்கத்துக்கு 100க்கு 10 மதிப்பெண்தான். எத்தனை பேரை உள்ளே எடுத்தார்கள் என்று அது எண்ணும். உள்ளே வந்தவரை எழுப்பி நிற்கவைத்தார்களா என்று அது கேட்காது.

அதைப் பொருத்தம் என்ற தலைப்பில் நாம்தான் கேட்க வேண்டும். பொருத்தம் என்றாலே 'அந்தக் காலேஜுக்கு நாம செட் ஆவோமா' என்று நம் பிள்ளைகள் தங்களையே சந்தேகப்படுகிறார்கள். கேள்வியைக் கல்லூரிப் பக்கம் திருப்புங்கள். யூ.ஜி.சி.யின் 2012 ஒழுங்குவிதிப்படி சம வாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் அங்கே இருக்கிறார்களா? ஆசிரியர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்? உதவித்தொகை வரும்வரை ஹால் டிக்கெட் தருவார்களா? இதற்கெல்லாம் அலுவலகம் சொல்லும் பதிலைவிட, நம் தெருவிலிருந்து அங்கே போய் இரண்டாமாண்டு படிக்கும் அண்ணனோ அக்காவோ சொல்வதைக் கேளுங்கள். முதலாண்டோடு நின்றுபோனவர் யாராவது இருந்தால் அவரை முதலில் தேடிப் பிடியுங்கள்.

மறுநாள் அந்த அம்மா, நான், படிப்பகத்தில் பாடம் எடுக்கும் சட்டக் கல்லூரித் தம்பி மூவரும் ஏஜெண்டைப் பார்க்கப் போனோம். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யூ.ஜி.சி. 2018இலேயே அறிவித்திருக்கிறது. தம்பி அதைப் பிரிண்ட் எடுத்து வந்திருந்தான். "உங்க பொண்ணு நல்லதுக்குத்தானேம்மா செய்றோம்" என்று இரண்டு மணி நேரம் இழுத்தடித்துவிட்டுக் கவரைத் தந்தார்கள். அன்று மாலையே கவுன்சலிங்குக்குப் பதிவு செய்தோம். ராணி மேரிக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கும் விண்ணப்பித்தோம்.

ராணி மேரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். 1914இல் தொடங்கிய அரசு மகளிர் கல்லூரி, செலவும் இல்லை, கடலைப் பார்த்த வகுப்பறை. அங்கேயே சேரச் சொன்னேன்.

"போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம் அக்கா. பல்லாவரம் வரைக்கும் பஸ்ஸு, அப்புறம் ட்ரெயினு, அப்புறம் இன்னொரு பஸ்ஸு. அம்மாவுக்கு நைட் ஷிப்ட் வர்ற வாரம் நான்தான் சமைக்கணும்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "எங்க அண்ணன் லைன்ல நிக்கும்போது ஸ்டாப் வாட்ச் வச்சி டைம் எடுப்பாங்களாம். ஒரு மணி நேரத்துக்கு இத்தன பீஸுன்னு அப்புறம் டார்கெட் ஏத்துவாங்களாம். அத யாரு, எப்படிக் கணக்குப் போடுறாங்கன்னு எனக்குத் தெரியணும்க்கா."

மெக்கானிக்கல் எடுத்தாள். எங்கள் பக்கத்திலேயே இருக்கும், தேர்ச்சி விழுக்காடு நடுத்தரமான, ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய ஒரு கல்லூரி. 7.5 விழுக்காட்டு இடம். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் புத்தகத்துக்கும் கைச்செலவுக்கும் ஆகிறது. கல்லூரிப் பெயருக்கு மயங்கிய என் பழைய ஆசையைத்தான் அவள் தலையில் கட்டப் பார்த்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தன் வீட்டையும் பஸ்ஸையும் அண்ணன் நிற்கும் லைனையும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தாள். அவளுடைய முடிவு சரியா என்று நான்கு ஆண்டு கழித்துத்தான் தெரியும். ஆனால் தகவல் எல்லாம் தெரிந்து அவளே எடுத்த முடிவு அது.

சேர்ந்த முதல் வாரம் அலுவலகத்தில் போய், பாகுபாடு பற்றிப் புகார் சொல்ல வேண்டுமானால் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "போர்டுல இருக்கு, பாரு" என்றார்களாம். அந்தப் போர்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். வரும் மே மாதம் ரிசல்ட் வரும் வாரத்தில் ஊருக்குப் போங்கள். உங்கள் தெருவில் பிளஸ் டூ எழுதிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஏஜெண்டுக்கு முன்னால் நீங்கள் போய்ச் சேருங்கள். சான்றிதழ் கவரை யாரிடமும் தர வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு உட்கார்ந்து பேசலாம்.

ஜெய்பீம்.